மூன்று பென்சில் அடையாளங்கள்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, இஷாவுக்குப் பிறகு, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளை தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அந்தக் குடும்பத்திலிருந்து கெம்பஸ் போகும் முதல் ஆள் அவள்தான். வாப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். பிள்ளையின் கையில் முதலாம் வருடப் பாடத்தெரிவுப் படிவம். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இஸ்லாமியக் கற்கை, புவியியல், அரசறிவியல் என்ற மூன்றுக்கும் நேரே பென்சிலால் சரி அடையாளம் போட்டிருந்தாள்.

“ஏன் மகள் இந்த மூணும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு ஏ.எல்.லுக்கு செஞ்ச பாடம் சேர். மத்தது கூட்டாளிமார் எடுக்கிறாங்க.”

உம்மா இடையில் புகுந்தார். “சுகமான பாடமாப் பாத்துச் சொல்லுங்க சேர். நல்ல க்ளாஸ் ஒண்டு எடுத்து முடிச்சாப் போதும். வேற என்னத்துக்கு?”

ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்திலும், ஓய்வுபெற்ற பிறகும், கொள்ளுப்பிட்டியில் இந்த முன்விறாந்தையில் உட்கார்ந்து நான் கேட்ட பதில்கள் பெரும்பாலும் இவைதான். பழகின பாடம், கூட்டாளியின் பாடம், சுகமான பாடம். மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றையும் மட்டும் வைத்துப் படிவத்தை நிரப்புகிற பிள்ளைக்கு இரண்டாம் வருடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். அன்றிரவு அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொன்னதை, மற்றப் பெற்றோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயர்தரத்தில் மூன்று பாடம். அந்த மூன்றையும் பல வேளை பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. பிறகு இஸட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம். பீடத்தையும் ஏறத்தாழ அந்தக் கடிதமே சொல்லிவிடுகிறது. பத்தொன்பது இருபது வயதுவரை “உனக்கு என்ன படிக்க விருப்பம்?” என்று ஒருவரும் கேட்காத பிள்ளையிடம், கெம்பஸுக்குள் காலெடுத்து வைத்த முதல் கிழமையிலேயே படிவத்தை நீட்டி, மூன்று நாளில் சொல் என்கிறார்கள். பிள்ளை பழகினதைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்தப் படிவம் வெறும் நேரசூசிக்கான காகிதம் அல்ல. எங்கள் கலைப்பீடங்களில் பட்டம் இரண்டு வகையாகப் பிரிகிறது. மூன்று வருடத்தில் முடிகிற பொதுப் பட்டம் ஒன்று. ஒரே துறையில் ஆழமாகப் போகிற நான்கு வருட விசேட பட்டம் மற்றது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி முன்னதற்கு 90 கிரெடிட், பின்னதற்கு 120. விசேட பட்டத்துக்கு ஆட்களை எடுப்பது முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான். முதலாம் வருடத்தில் தொடாத பாடத்தில் விசேட கற்கைக்குப் போவது பெரும்பாலும் நடக்காது. எத்தனை பாடம் எடுக்கலாம், எது கட்டாயம், எந்தத் துறை என்ன பெறுபேறு கேட்கிறது என்பதெல்லாம் பீடத்துக்குப் பீடம், வருடத்துக்கு வருடம் மாறும். அதைக் கைநூலில்தான் பார்க்க வேண்டும், ஸீனியர் வாயில் அல்ல. ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான்: இன்றைக்கு வெறுமையாக விடுகிற கட்டம், அடுத்த வருடம் பூட்டின கதவாகிவிடும்.

உம்மாவுக்கு இது புதுசு. “எடுத்துட்டுப் பிறகு மாத்த ஏலாதா?” என்று கேட்டார். தொடக்கத்தில் சில நாட்களுக்கு மாற்ற விடுவார்கள். அந்தத் திகதி தாண்டினால் கஷ்டம். அதனால்தான் முதலிரண்டு கிழமை பொன்னானது. படிவத்தில் போட்ட பாடங்களுக்கு மட்டுமல்ல, போடாத ஒன்றிரண்டு பாடங்களின் விரிவுரைக்கும் பின்வாங்கில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். புது மாணவர் நிறைந்த மண்டபத்தில் யார் எதற்கு வந்தார் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிரெடிட் என்றால், அதே சட்டகத்தின்படி, 50 மணித்தியாலப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம். அதில் விரிவுரை சுமார் 45 மணித்தியாலந்தான். மீதி 105ஐயும் பிள்ளை நூலகத்திலோ வீட்டிலோ தானாகச் செலவிட வேண்டும். ஒரு பருவத்துக்கு இப்படி ஐந்து பாடம், பதினைந்து கிழமை என்று வைத்தால் கிழமைக்கு 50 மணித்தியாலம் வருகிறது. நேரசூசியில் தெரிவது பதினைந்துதான்.

இந்த முப்பத்தைந்து மணித்தியாலம் கண்ணுக்குத் தெரியாததால்தான் வீட்டில் பிரச்சினை. “செவ்வாக்கிழம பின்னேரம் க்ளாஸ் இல்லத்தானே” என்று பிள்ளையைச் சமையலுக்கும், மாமி வீட்டு வைபவத்துக்கும், தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் கூப்பிடுவோம். ஆண்பிள்ளையென்றால் கடையில் நிற்கச் சொல்வோம். அவர்களே இன்னொரு கணினி டிப்ளோமாவையும் சேர்த்துத் தலையில் போட்டுக்கொள்வதும் உண்டு. பிறகு பெறுபேறு வரும்போது பாடம் கஷ்டம் என்பார்கள். பாடத்துக்குரிய நேரத்தை நாங்கள்தான் எடுத்திருப்போம்.

இரண்டாவது கணக்கு புள்ளிச் சராசரி. பெரும்பாலான பீடங்களில் ஏக்கு 4.0, பி ப்ளஸுக்கு 3.3, பிக்கு 3.0, சிக்கு 2.0, டிக்கு 1.0 என்று பெறுமதி. ஒரு பிள்ளை ஐந்து பாடத்திலும் நிதானமாக பி எடுத்தால் சராசரி 3.0. இன்னொரு பிள்ளை நான்கில் பி ப்ளஸ் எடுத்து, ஒன்றில் மட்டும் டி வாங்கினால் 2.84. நான்கில் முன்னுக்கு நின்ற பிள்ளை பின்னுக்குப் போய்விடுகிறது. திரும்ப எழுதினாலும் பல இடங்களில் சிக்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே உம்மாவின் “சுகமான பாடம்” என்ற பயம் அர்த்தமில்லாதது அல்ல. கொஞ்சமும் ஒத்துவராத பாடத்தை வீம்புக்கு எடுக்கக் கூடாது.

ஆனால் எது சுகம் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பலர் சறுக்குவது. ஏ.எல்.லில் செய்த பாடம் கெம்பஸில் அதே பெயரோடு வேறு ஆளாக வந்து நிற்கும். பாடசாலைப் புவியியலில் குறிப்பைப் பாடமாக்கி ஏ எடுத்த பிள்ளை, இங்கே கணினியில் புவியியல் தகவல் முறைமையையும் புள்ளிவிபரத்தையும் கண்டு திகைக்கும். இஸ்லாமிய நாகரிகத்திலும் அப்படித்தான். மத்ரஸாவிலும் வீட்டிலும் கேட்டது போதும் என்று எடுக்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் அது வரலாறும் மூலநூல் ஆய்வும் சேர்ந்த பாடம், அரபு வாசிப்பும் வேண்டியிருக்கும். அந்தப் பாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பேராதனையில் அதற்கென்று துறை இருக்கிறது. 1996இல் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்கில் ஒரு பீடமே இருக்கிறது. விருப்பத்தோடு போகிற பிள்ளைக்கு அது அருமையான பாதை. “நாங்க முஸ்லிம், எங்களுக்கு அது வரும்” என்று போகிற பிள்ளையைத்தான் நான் மறிப்பது.

எது சுகம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நூலகத்தில் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு கேள்வியை வாசியுங்கள். விடை தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பத்துப் பக்கம் வாசிக்க மனம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸீனியர்மாரிடம் கேட்பதானால் ஏ எடுத்தவரை விட, அந்தப் பாடத்தில் விழுந்து எழும்பினவரிடம் கேளுங்கள். ஏ எடுத்தவர் “சும்மா படிச்சாப் போதும்” என்பார். விழுந்தவருக்குத்தான் எந்தப் படியில் கால் வழுக்கியது என்று தெரியும். கெம்பஸ் பிள்ளைகள் தங்களுக்குள் நடத்துகிற ‘குப்பி’ வகுப்புகள் பெரிய உதவி, பரீட்சைக்கு முன்னால் எத்தனையோ பேரைத் தூக்கி விட்டிருக்கின்றன. ஆனால் குப்பி பாடம் விளங்குவதற்கு. “அந்த லெக்சரர் புள்ளி போட மாட்டார், இத எடு” என்பது குப்பியிலிருந்து வந்தாலும் வதந்திதான்.

இனி மொழிமூலம். தமிழில் ஏ.எல். செய்த எங்கள் பிள்ளைகளுக்கு இதுவே பெரிய முடிச்சு. தென்பகுதிப் பல்கலைக்கழகங்களில் எல்லாத் துறைகளிலும் தமிழில் விரிவுரை கிடைப்பதில்லை. சில பாடம் தமிழில் இருக்கும், சிலது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கும். ஆகவே தமிழில் கிடைக்கிற பாடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, அதுதான் தன் விருப்பம் என்று பிள்ளை தன்னையே நம்பவைத்துக்கொள்ளும். இது விருப்பமல்ல, பயம். தாய்மொழியில் படிப்பது தாழ்வு என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைதான் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதப் பழகுகிறது. ஆனால் மேல்வகுப்பில் போகப் போக வாசிக்க வேண்டிய நூல்கள் ஆங்கிலத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. நாலாம் வருடத்தில் ஆய்வுக் கட்டுரைக்காக முதன்முதலாக ஆங்கில நூலைத் திறப்பது, நீந்தத் தெரியாமல் ஆழத்தில் இறங்குகிற வேலை. ஆகவே நான் பொதுவாகச் சொல்வது: முதலாம் வருடத்தில் ஒரு பாடத்தையாவது, ஒரேயொரு பாடத்தையாவது, ஆங்கில மொழிமூலத்தில் எடுங்கள். விழுந்தாலும் ஒன்றில்தான் விழுவீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆங்கில வகுப்பை, கிரெடிட் இல்லையென்று சொல்லிக் கட்டடிக்காதீர்கள்.

“அப்ப மூணாவதா என்னத்தப் போட?” என்று பிள்ளை கேட்டாள். அதற்கு நான் என் கதையைச் சொல்ல வேண்டி வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகம் போனபோது முதலாம் வருடப் பரீட்சையை ஜி.ஏ.கியூ. என்போம். எனக்குப் பொருளியல் படிக்க ஆசை. முதல் விரிவுரையில் கரும்பலகையில் ஒரு வரைபடமும் இரண்டு சமன்பாடும் வந்தன. கணக்கில் சாதாரணதரத்தோடு தப்பி வந்தவன் நான். அடுத்த நாளே பெயரை வெட்டிக்கொண்டு, ஏ.எல்.லில் செய்த மூன்று பாடத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டேன். நல்ல பெறுபேறு வந்தது, உத்தியோகமும் கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

முப்பது வருடம் கழித்து, 2013 அளவில், ஹலால் பிரச்சினை சூடுபிடித்திருந்த நாட்களில், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்தாறு பேர் கூடினோம். முஸ்லிம்களின் தொகை பெருகிக்கொண்டே போகிறது, இன்னும் சில பத்தாண்டில் அவர்கள்தான் பெரும்பான்மை என்று ஒரு துண்டுப்பிரசுரம் கையில் இருந்தது. அதற்குப் பதில் எழுத வேண்டும். “சேர்தான் பட்டதாரி, சேர் எழுதட்டும்” என்று குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளை என் முன்னால் வைத்தார்கள். 1981இல் நாட்டின் சனத்தொகையில் இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஏறத்தாழ 7.6 வீதம். 2012இல் 9.7 வீதம். கூடியிருக்கிறது, உண்மைதான். ஏன் கூடியது? இதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியவில்லை. அட்டவணையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர்தான் பேனையை எடுத்தார். 31 வருடத்தில் 2.1 வீதப்புள்ளி. இதே வேகத்தில் நேர்கோடாகப் போனாலும் பாதியைத் தொட ஏறத்தாழ அறுநூறு வருடம் வேண்டும் என்று காட்டினார். சின்ன வகுத்தல்தான், எனக்கும் தெரிந்த வகுத்தல். ஆனால் அந்த அட்டவணையிடம் அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதுவும் பாதிப் பதில்தான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். சனத்தொகை நேர்கோட்டில் போவதில்லை. ஒரு சமூகத்தில் இளவயதினர் எத்தனை பேர், பிள்ளைப்பேறு வீதம் எப்படி மாறுகிறது, யுத்தத்தால் நாட்டை விட்டுப் போனவர்கள் யார், யார், எந்த வருட மதிப்பீடு முழு நாட்டையும் எடுத்தது என்று எல்லாம் பார்க்க வேண்டும். 2001ஆம் ஆண்டு மதிப்பீடு வடக்குக் கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை, அதனால்தான் ஒப்பிடுவதற்கு 1981 வரை பின்னுக்குப் போக வேண்டியிருந்தது. இதையெல்லாம் அன்றைக்குச் சொல்ல எங்கள் மத்தியில் ஆள் இருக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ‘மலட்டு மாத்திரை’ வதந்தி எழுந்து ஹோட்டலும் பள்ளியும் தாக்கப்பட்டபோது, அதே சனத்தொகைப் பயம்தான் வேறு உடுப்பில் வந்தது. நான் முதலாம் வருடத்தில் வெட்டிய பாடத்தை எடுத்திருந்தால் கலவரம் நின்றிருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனால் அந்த ஜும்ஆ நாளில் தலைகுனிந்து இருந்திருக்க மாட்டேன்.

கொழும்புக் கலைப்பீடத்தில் குடித்தொகையியலுக்கென்று ஒரு துறை இருக்கிறது. பிள்ளையின் படிவத்தில் அதற்கு நேரே ஒன்றும் இல்லை. “அது என்னண்டே தெரியா சேர்” என்றாள். தெரியாதென்பது எடுக்காமலிருக்கக் காரணமா என்று கேட்டேன். ஒரு விரிவுரைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்றேன்.

உம்மா கேட்கிற கேள்வி எனக்கு முன்கூட்டியே தெரியும். “அதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்?” நியாயமான கேள்வி. ஆசிரியர் நியமனத்தில் பட்டத்தில் என்ன பாடம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆகவே பாடசாலையில் கற்பிக்கப்படுகிற பாடம் ஒன்றாவது சேர்ந்திருப்பது நல்லது. புவியியல் அதற்குப் போதும். நிருவாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டமும் செல்லும். சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை தனி. அதற்குமேல் எந்தப் பாடம் எந்த உத்தியோகத்தைத் தரும் என்று இன்றைக்கு யாராலும் எழுதிக் கொடுக்க ஏலாது.

பழைய ஆட்கள் இருவரைப் பற்றியும் சொன்னேன். இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகத்தின் இடத்தில், தேர்ஸ்டன் வீதியில், 1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத்தான் அங்கே ஆயத்தப்படுத்தினார்கள். அங்கே வரலாறு படித்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் போன முதல் முஸ்லிம். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவரும் அவரே. மற்றவர் பாணந்துறைப் பக்கத்துப் பிள்ளை எம்.எம். உவைஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நாற்பதுகளில் தமிழை எடுத்தார். முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் என்ன சோறு போடும் என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். 1953இல் முஸ்லிம்கள் தமிழ் இலக்கியத்துக்கு ஆற்றிய பங்கு பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகம்வரை போய் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். அந்தக் காலம் வேறு, பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த வசதி இந்தப் பிள்ளைக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

திங்கட்கிழமை அவள் புவியியலையும் இஸ்லாமியக் கற்கையையும் அப்படியே வைத்துக்கொண்டு, அரசறிவியலுக்குப் பதிலாகக் குடித்தொகையியலைப் போட்டாள். அதை ஆங்கிலத்தில்தான் எடுக்க வேண்டியிருந்தது. கூட்டாளிமார் இரண்டு கிழமை பேசவில்லையாம். உம்மா ஒருநாள் வழியில் மறித்து, “கலியாண வீட்டில புள்ள என்ன படிக்கிறண்டு கேக்கிறாங்க சேர், எனக்கி அந்தப் பேரு வாயில வாரல்ல” என்றார். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

முதல் பருவப் பெறுபேறு வந்தபோது புவியியலில் பி ப்ளஸ், இஸ்லாமியக் கற்கையில் ஏ மைனஸ், குடித்தொகையியலில் சி ப்ளஸ். உம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்ன கணக்கை அவள் என்னிடமே திருப்பிப் போட்டுக் காட்டினாள். மூன்றும் ஒரே அளவு கிரெடிட், 3.3ம் 3.7ம் 2.3ம் கூட்டி மூன்றால் பிரித்தால் 3.1. இரண்டாம் பருவத்தில் அந்தப் பாடத்தில் பி எடுத்தால் விசேட கற்கைக்கு விண்ணப்பிக்கலாமா என்று துறையில் போய் விசாரித்திருக்கிறாள். பி வருமா என்று இன்னும் தெரியாது. பரீட்சை அடுத்த மாதம்.